தினம் ஒன்பது மீட்டர்

மூடி போட்ட பிறகும் கோடு படுக்கவில்லை.

நவநீதன் முதலில் மூடியைத்தான் சந்தேகப்பட்டான். மொட்டை மாடியில் நிற்கும் குழிந்த கண்ணாடியைச் சுற்றி வந்து, அதன் மேல் மாட்டியிருந்த கருப்புத் தோல் உறையைத் தடவிப் பார்த்து, கழுத்து நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டான். பிறகு கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பின் நீளமான தளத்தில் பாதிக்கு மேல் நடந்து போய், அங்கே தள்ளுவண்டியின் மேல் நிற்கும் இரண்டாவது கண்ணாடியையும் அதேபோல் பார்த்துவிட்டு வந்தான். இரண்டு உறையும் அவன் மெயின்டனன்ஸ் பார்க்கும் ஷூ கம்பெனியில் கழித்துக் கட்டிய தோலில் தைத்தவை. ஏப்ரல் மாதத்து வெயிலையே உள்ளே விடாதவை. பொழுது சாய்ந்த நேரத்தில் அவற்றுக்குள் வெளிச்சம் போக வழியே இல்லை. மேஜைக்குத் திரும்பி வந்து லேப்டாப்பைப் பார்த்தான். கோட்டின் நடுவில் அந்தச் சின்ன மேடு அப்படியே இருந்தது.

ஜோதி இறந்து அன்றைக்கு நான்காவது நாள். முந்தின நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். குழந்தைகள் இல்லாத வீடு. ஆள் நடமாட்டம் நின்றதும் அவனால் கீழே இருக்க முடியவில்லை. சமையலறையில் அவள் பாதி அரிந்து வைத்துவிட்டுப் போன கொத்தவரங்காய் கிண்ணத்திலேயே காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அதை எடுத்துக் கொட்டவும் மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மாடியில் இருப்பதை எல்லாம் கழற்றிக் கட்டிப் போட்டுவிடலாம் என்று ஏறினான்.

அந்தக் கருவியைப் பற்றி யார் கேட்டாலும் ஜோதி அலுக்காமல் சொல்வாள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள், சொல்லத் தெரியும். "நட்சத்திரம் எல்லாம் நமக்குப் புள்ளியாதான் தெரியுது. ஆனா ரெண்டு கண்ணாடிய தள்ளித் தள்ளி வெச்சி, ரெண்டுலயும் விழுற வெளிச்சத்தோட நடுக்கத்த ஒத்துப் பாத்தா, அது எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சிடும்" என்பாள். சின்னதாகத் தெரியும் நட்சத்திரம் என்றால் கண்ணாடிகள் நூறு மீட்டர் விலகினாலும் இரண்டின் நடுக்கமும் ஒன்றுபோல் இருக்கும். அகலமானது என்றால் பத்திருபது மீட்டரிலேயே அந்த ஒற்றுமை அறுந்துபோகும். எத்தனை மீட்டரில் அறுகிறது என்று கண்டுபிடித்தால் அளவு வந்துவிடும். "நெலாவுல ஒரு ஆள் நிக்கிறான்னு வெச்சிக்க. ஆம்பூர்ல இருந்து அவன் ஒசரத்த அளக்கறதும் இதும் ஒண்ணு" என்று முடிப்பாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

சூரிய அடுப்புக்கு விற்கிற குழிந்த தட்டு இரண்டு, பழைய சாமானில் வாங்கிய, வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் ஒளிக்குழாய் இரண்டு, ஒரு கேபிள், ஒரு லேப்டாப். இதை வைத்துக்கொண்டு இருவரும் மூன்று வருஷத்தில் இரண்டு நட்சத்திரங்களை அளந்திருந்தார்கள். மூன்றாவதாக அவள் ஆசைப்பட்டது சித்திரை. அவள் பிறந்த நட்சத்திரம். அதற்கு நூறு மீட்டருக்கு மேல் தள்ளி வைக்க இடம் வேண்டும் என்பதால்தான் தோல் ஷாப்பின் தளத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

அந்தச் சித்திரையை அளந்துகொண்டிருந்த இரவில்தான் அவள் போய்விட்டாள். டெங்கு காய்ச்சல், வேலூர் ஆஸ்பத்திரியில் ஆறாவது நாள். அன்று சாயங்காலம் மழை பெய்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "இன்னிக்கி விட்டா அப்புறம் மேகம் வந்துடும். நீங்க போய் அளங்க, மோகனா இருக்கா எனக்கு" என்று அவளேதான் அனுப்பினாள். கொஞ்சம் தெளிவாகவும் பேசினாள். இவனும் வந்தான். மாடியில் வெளிச்சம் ஆகாது என்று செல்போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவது அவர்கள் வழக்கம். விடிகாலை இறங்கி வந்து பார்த்தபோது, மச்சினி மோகனாவிடமிருந்து பதினோரு அழைப்புகள். முதலாவது ஒன்று நாற்பதுக்கு.

அதனால்தான் கழற்ற வந்தான். கழற்றுவதற்கு முன் இரண்டு கண்ணாடிக்கும் மூடி போட்டு ஐந்து நிமிஷம் பார்ப்பது ஜோதி வைத்த விதி. வெளிச்சம் இல்லாவிட்டால் இரண்டு குழாயிலும் அதனதன் இரைச்சல்தான் இருக்கும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருக்காது, திரையில் ஒற்றுமையை மேடாகக் காட்டும் கோடு தரையோடு படுத்துவிடும். முந்நூறு தடவையாவது அப்படிப் படுத்த கோடு அது.

கேபிளை மாற்றினான். குழாய்களை இடம் மாற்றினான். வீட்டின் மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஓட்டினான். மேடு போகவில்லை. தோல் ஷாப்பில் தோலை ஊறப்போட்டுச் சுழற்றும் மர ட்ரம்களின் மோட்டார் காரணமாக இருக்கும் என்று தோன்றியது, ஏனென்றால் அந்த உருளும் சத்தம் ஆழத்தில் கடகடவென்று வந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் அப்துல் ஹமீதைக் கூப்பிட்டான்.

"பாய், ட்ரம்ம ஒரு பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்றீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். துக்கக்காரனிடம் பேசுவதால் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ட்ரம்மு ரெண்டு நாளா ஓடலியே தம்பி. மோட்டார் கரிஞ்சி போச்சி. உள்ள ஆளே இல்ல."

நவநீதன் காது கொடுத்துக் கேட்டான். சத்தம் இல்லை. இத்தனை நேரம் கேட்டது என்ன என்று யோசித்தபடி திரும்பி வந்தான்.

மின்சாரக் கோளாறு என்றால் கண்ணாடியை எங்கே நகர்த்தினாலும் மேடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அவன் வண்டியைத் தள்ளி, ஐந்து மீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி, ஓடி வந்து பார்த்து, மறுபடி ஓடினான். கிட்டே வரவர மேடு உயர்ந்தது. தள்ளிப் போகப்போகத் தணிந்தது. சரியாக நூற்று எட்டு மீட்டரில் அறுந்தது. ஒரு நட்சத்திரம் எப்படி அறுமோ அப்படியே அறுந்தது. மூடிக்கு உள்ளே, வெளிச்சமே இல்லாத இடத்தில், அளக்கக்கூடிய அகலத்தோடு ஒன்று இருந்தது. நோட்டை எடுத்து எழுதினான். எட்டின் மேல் இன்னொரு எட்டை அழுத்தி எழுதினான்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பகலிலேயே மாடிக்குப் போனான். மூடி போட்டு அளப்பதற்கு இரவு எதற்கு? பகல் பன்னிரண்டு மணி வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினான். தொண்ணூற்றொன்பது மீட்டரில் அறுந்தது. அதற்கு மறுநாள் தொண்ணூறு. அதற்கும் மறுநாள் எண்பத்தொன்று. தினம் ஒன்பது மீட்டர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணாடிகள் நெருங்கி வந்தால்தான் ஒத்துப்போகின்றன என்றால் உள்ளே இருப்பது நாளுக்கு நாள் அகலமாகிறது. ஒரு பொருள் அகலமாவதற்கு ஒரு காரணம் போதும். அது கிட்டே வந்துகொண்டிருக்கிறது.

நோட்டில் நாளையும் மீட்டரையும் வரிசையாக எழுதிக் கீழே கோடு இழுத்தான். ஒன்பது ஒன்பதாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வரும் நாள் எது என்று பார்த்தான். ஜோதி இறந்து பதினாறாவது நாள். அவளுடைய கருமாதி.

அந்த நிமிஷத்தில் அவனுக்கு வந்தது பயம் என்று சொன்னால் அது பொய். அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே அவளுடைய உயரத்தைக் கணக்கில் போட்டான். ஐந்தடி ஒரு அங்குலம். அந்த உயரத்துக்கு முதல் நாள் தூரம் மூன்று லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர். நிலாவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். தினம் இருபத்தாறாயிரம் கிலோமீட்டர் நடந்து வருகிறாள். அளப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அளவு வந்துவிட்டால் ஆளும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

அவள் எந்தத் திசையிலிருந்து வருகிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் கண்ணாடிகளைத் தெற்கே திருப்பினான். மேடு இருந்தது. வடக்கே திருப்பினான். அதே மேடு. தலைக்கு மேலே, ஏலகிரி மலைப்பக்கம், பாலாற்றுப் பக்கம். அதே மேடு, அதே உயரம். கடைசியாக இரண்டையும் தலைகுப்புறச் சாய்த்து, தரையைப் பார்க்க வைத்தான். மேடு ஒரு நூலளவு கூடக் குறையவில்லை. மூன்று வருஷத்தில் எதையும் விடாமல் எழுதிய அந்த நோட்டில் இதை மட்டும் அவன் எழுதவில்லை.

பத்தாம் நாள் மோகனா வந்தாள். காவேரிப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தூக்குச் சட்டியில் சோறும் காரக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். கதவு திறந்து கிடந்ததால் நேராக மாடிக்கே வந்துவிட்டாள். தாடியும் வெயிலில் கறுத்த முகமுமாக அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்ட்டீங்களா மாமா?"

"சாப்டணும்."

"நீங்க எங்க கூட வந்துடுங்க. ரூம்பு காலியாதான் கெடக்குது. காரியத்தன்னிக்கி வந்தா போதும்."

"இங்க வேல இருக்குது மோகனா."

"இன்னா வேல?"

அவன் நோட்டைக் காட்டினான். மூச்சு விடாமல் சொன்னான். நூற்று எட்டு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூறு, இன்றைக்கு ஐம்பத்து நான்கு. அவள் படித்தது பிளஸ் டூ வரைதான், ஆனாலும் அக்கா சொல்லக் கேட்டுக் கேட்டு இதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் தெரியும். விரலால் எண்களைத் தொட்டுக்கொண்டே கீழே வந்து, கருமாதித் தேதியில் நிறுத்தினாள்.

"அக்கா வர்றான்றீங்க."

"கணக்கு அப்டிதான் சொல்லுது."

மோகனா நோட்டை மூடி மேஜை மேல் வைத்தாள்.

"அக்காவ தூக்கும்போது நீங்க இன்னா சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

அவனுக்கு அந்த நாளின் வெயிலும் மாலை வாசனையும் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை.

"பாத்துப் போய்ட்டு வான்னு சொன்னீங்க. காலையில பஸ் ஏத்தி விடும்போது சொல்றாப்ல. பெரியவங்க எல்லாம் ஒரு மாதிரி ஆய்ட்டாங்க. எழவு வூட்டுக்கு வந்தவங்களே போய்ட்டு வர்றேன்னு சொல்லாமதான் போவாங்க. எடுத்துட்டுப் போறவங்கள யாராவது வான்னு சொல்வாங்களா? அன்னிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல மாமா."

அவள் பயந்துபோய்ச் சொன்னதைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. தான் கூப்பிட்டதால்தான் வருகிறாள். ஒரு தடவையாவது சரியான நேரத்தில் சரியானதைச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தான். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மோகனா அவன் எதிரில் வந்து நின்றுகொண்டாள்.

"அது அக்கா ஒசரம்னு யாரு சொன்னது?"

"அஞ்சடி ஒரு அங்குலம். நான்தான் போட்டேன்."

"அதான் கேக்கறேன். நீங்க போட்டது. கிட்ட இருக்கற சின்னதா, தூரத்துல இருக்கற பெருசா, கண்ணாடிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அக்கா சொல்வாளே. வர்றது வேற ஏதாவதா இருந்தா?"

"வேற எது வரும்?"

"எனக்கு இன்னா தெரியும். ஆனா நீங்க அன்னிக்கி அக்கா பேரச் சொல்லல மாமா. வான்னுதான் சொன்னீங்க."

போகும்போது படிக்கட்டில் நின்று, இதையெல்லாம் கழற்றிப் போட்டுவிடும்படி அழுதுகொண்டே கேட்டாள். காரியம் முடிந்ததும் கழற்றிவிடுகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான்.

அன்றிரவு படுக்கையில் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டான். முதல் நாள் அளவின்படி, அது தன்னுடைய அகலத்தைப் போல் இருபது கோடி மடங்கு தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் கண்ணாடி சொன்னது. ஐந்தடி என்றால் நிலாவுக்கு இந்தப் பக்கம். ஆம்பூர் ஊர் அகலம் என்றால் சனிக்கிரகத்துக்குப் பக்கம். அதற்கும் மேலே என்றால் அதற்கும் அப்பால், எங்கிருந்தோ, அந்தத் தொலைவுக்குத் தகுந்த வேகத்தில். எந்த அகலம் போட்டாலும் தூரமும் வேகமும் மாறின. தேதி மட்டும் மாறவில்லை. நோட்டை மூடிவிட்டு விளக்கை அணைக்காமல் படுத்துக்கொண்டான்.

பதிமூன்றாம் நாள் வாசனை போயிற்று. தோல் வாசனை ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியாது, வெளியூர் போய்த் திரும்பும்போது மட்டும் ஒரு கணம் மூக்கில் ஏறி உடனே மறந்துபோகும். சுண்ணாம்பும் கொழுப்பும் ஈர மயிரும் கலந்த அந்த வாடை காலையில் எழுந்தபோது இல்லை. காற்று வெறுமனே இருந்தது. காபித் தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தான். சோப்பை முகர்ந்தான். அலமாரியில் ஜோதியின் புடவையை எடுத்து முகத்தில் அழுத்தினான். அதிலும் ஒன்றும் இல்லை. அவளுடையது என்று மிச்சம் இருந்த அந்த வாசனையும் போனதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் அப்துல் ஹமீத் கீழே நின்று கூப்பிட்டார். கையில் பை இருந்தது.

"நான் பேரணாம்பட்டு போறேன் தம்பி. பொண்ணு வூட்டுக்கு. டூட்டிக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

"இன்னா ஆச்சி பாய்?"

"ஒண்ணும் ஆவல." எதிர்ச்சாரியைக் கையால் காட்டினார். அங்கே தோல் உலர்த்தும் மாடி இருந்தது. சுவர் கிடையாது, கூரையும் தூண்களும்தான். மூங்கில் கழிகளில் நானூறு ஆட்டுத் தோல் வரிசை வரிசையாகத் தொங்கின. மோட்டார் கரிந்ததிலிருந்து இறக்க ஆள் வரவில்லை. "காத்து எவ்ளோ ஜாஸ்தியா அடிக்குது பாரு. ஒரு தோலு ஆடுதா? நாப்பது வருஷமா இந்த ஷாப்புல இருக்கறேன். மனசு பேஜாரா இருக்குது. நீயும் எங்கனா போய்டு."

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. கொடியில் அவன் துண்டு படபடத்தது. தோல்கள் செங்குத்தாக, அசையாமல் தொங்கின. பாயின் செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

பதினைந்தாம் நாள் இரண்டாவது கண்ணாடி சுவரைத் தாண்டி அவன் வீட்டு மாடிக்கே வந்துவிட்டது. பலகை சாய்த்து, கயிறு கட்டி, தனியாக இழுத்து ஏற்றினான். ஒன்பது மீட்டர். அதற்குப் பிறகு அவன் பழையபடி கண்ணாடிகளை எல்லாத் திசையும் திருப்பிப் பார்த்தான். ஐந்தடி உயரம் உள்ள ஒன்று இருபத்தாறாயிரம் கிலோமீட்டரில் நின்றால் அது ஒரு திசையில்தான் நிற்க முடியும். இது எல்லாத் திசையிலும் இருந்தது. தரைக்குள் இருந்தது. தன் பக்கம் திருப்பினான். அங்கேயும் இருந்தது. மோகனா கேட்ட கேள்விக்குப் பதில் அவனுக்கு ஏழாம் நாளே தெரியும். தெரிந்ததை எழுதாமல் விட்டவன் அவன்தான்.

கழற்றிவிட ஸ்பேனரைக்கூட எடுத்தான். உட்கார்ந்து, முதல் போல்ட்டில் மாட்டி, அழுத்தவும் செய்தான். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஒருவேளை, நூற்றில் ஒரு பங்காக, அது ஜோதியாகவே இருந்துவிட்டால்? அவள் போனபோது அவன் இல்லை. பதினோரு தரம் கூப்பிட்டும் வரவில்லை. இத்தனை தூரம் நடந்து வந்து மாடியில் பார்த்து, இந்தத் தடவையும் இவன் இல்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை பாலாற்றங்கரையில் காரியம் நடந்தது. ஐயர் சொன்னதைச் சொன்னான், செய்யச் சொன்னதைச் செய்தான். மதியம் இலை போட்டுச் சாப்பாடு. மூன்று மணிக்கெல்லாம் எல்லாரும் போய்விட்டார்கள், சொல்லிக்கொள்ளாமல், வழக்கப்படி. மோகனா மட்டும் வாசலில் நின்றாள்.

"இப்பவே வாங்க மாமா. துணிகூட வேணாம். அப்டியே வாங்க."

"நாளைக்கி வர்றேன்."

"நாளைக்கின்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அவன் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அவள் கை சூடாக இருந்தது. ஆட்டோ திரும்பும் வரை அவன் வாசலிலேயே நின்றான்.

ஆறரைக்கு மாடிக்குப் போனான். மேற்கே மலைக்கு மேல் செம்மண் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. சலவை வேட்டி உடுத்தி, முகச்சவரம் செய்து, தலை சீவியிருந்தான். இரண்டு கண்ணாடிகளையும் விளிம்போடு விளிம்பு உரசும்படி நெருக்கி வைத்தான். இதற்கு மேல் நெருக்க இடமில்லை. உறைகளை இழுத்துக் கட்டினான். லேப்டாப்பைத் திறந்து, நாற்காலியை அவற்றுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

மேடு இருந்தது. இதுவரை பார்க்காத உயரத்தில், திரையின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு.

ஆறு ஐம்பது. தெருவில் ஒரு பைக் போனது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. பள்ளிவாசலில் மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. அதனால் அவனுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டான். அவள் வந்தால் அந்த வழியாகத்தான் வருவாள் என்று தோன்றியது.

ஏழு ஐந்து. மேடு இறங்க ஆரம்பித்தது.

ஏழு எட்டுக்குக் கோடு படுத்துவிட்டது.

கேபிளைப் பார்த்தான். சரியாக இருந்தது. குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. விளிம்போடு விளிம்பு ஒட்டியிருக்கும் இரண்டு கண்ணாடிகூட ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே இருப்பதன் அகலத்துக்கு எல்லை இல்லை. அதற்கு விளிம்பே இல்லை. அளக்க இனி ஒன்றும் இல்லை.

பைக் சத்தம் நின்றிருந்தது.

பேச்சுச் சத்தம் இல்லை.

"ஜோதி?" என்றான். தன் குரல் தன் காதுக்கு வந்து சேரவில்லை.

இடது பக்கத்து உறை அசைந்தது. காற்று என்று நினைத்தான். காற்று இல்லை. கொடியில் துண்டு நேராகத் தொங்கியது. உறையின் கருப்புத் தோல் மெதுவாக உள்ளே குழிந்தது. நின்றது. மெதுவாக வெளியே உப்பியது. வலது பக்கத்து உறையைப் பார்த்தான். அதுவும் குழிந்தது. நின்றது. உப்பியது. இரண்டும் ஒன்றாக. ஒரு கணம் முந்தாமல், ஒரு கணம் பிந்தாமல்.

எழுந்தான். நாற்காலி சாய்ந்து விழுந்தது. சத்தம் இல்லை.

எதிர்ச்சாரியில் உலர்த்தும் மாடி. இத்தனை நாள் அசையாத தோல்கள். நானூறும். உள்ளே குழிந்தன. நின்றன. வெளியே உப்பின. முன்வரிசை, பின்வரிசை, தூணுக்கு மறைவில் இருப்பவை, எல்லாம் ஒரே நேரத்தில். கீழே தெருவில் ஜன்னல் திரைகள். ஆட்டோவின் ரெக்சின் கூரை. டீக்கடையின் தார்ப்பாய். அதன் கீழே, கிளாசைக் கையில் பிடித்தபடி நின்றுபோன ஆட்களின் சட்டைகள். உள்ளே. வெளியே. ஒன்றாக.

ஜோதி இல்லை. ஜோதி எங்கேயும் இல்லை. அந்தத் துக்கம் பயத்துக்கும் முன்னால் வந்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தபோதுதான் கவனித்தான். தோல்கள் உப்பும்போது அவன் மார்பு தணிந்தது. குழியும்போது அவன் மார்பு நிறைந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தான். அடங்கவில்லை. வேகமாக விட்டுப் பார்த்தான். போகவில்லை. அவன் மூச்சு அவன் பேச்சைக் கேட்கவில்லை.

இன்னும் ஒரு தரம் அவள் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அது இழுக்கும் நேரம். விடும்போதுதான் பேச முடியும். காத்திருந்தான். எதிரே நானூறு தோலும் குழிந்தன. இன்னும் குழிந்தன. கழிகள் வளைந்தன. கீழே ஆட்களின் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் சாய்ந்து, வாய்கள் மேல்நோக்கித் திறந்தன. அவன் தலையும் சாய்ந்தது. மேலே வானத்தில் ஒரு நட்சத்திரமும் இல்லை. மார்பு நிறைந்து, விலா நெரிந்து, இனி இடமில்லை என்று ஆன பிறகும் அது இழுத்துக்கொண்டே இருந்தது.